யானை போயிற்று, வேலி எங்கே?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் நம் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் அறையில் ஒரு விசேஷமான சலசலப்புக் கேட்பது வழக்கம். அது பரீட்சை விடைத்தாள்களின் சலசலப்பு அல்ல. இன்ஷூரன்ஸ் பிரிமியம் கட்டிய ரசீது, பிராவிடண்டு பண்டுப் புத்தகம், குழந்தைகளின் பள்ளிக் கட்டண ரசீது, வீட்டுக் கடனுக்குப் பாங்கி கொடுத்த சான்று ஆகியவற்றை உபாத்தியாயர்கள் பெட்டி பெட்டியாய்த் துழாவும் சத்தம் அது. ஏதாவது குறைந்தால், மாதக் கடைசியில் தபாலாபீசை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் புறப்படுவார்கள். வருஷம் முழுவதும் சேமிப்பைப் பற்றி நினையாதவர்கள்கூட அந்தப் பத்து நாட்களில் சிக்கனத்தின் அவதாரமாக மாறிவிடுவார்கள்.

இப்போது சில வருஷங்களாக அந்தச் சலசலப்பு அடங்கிவிட்டது. யாரும் ரசீது தேடுவதில்லை, யாரும் ஓடுவதில்லை. இந்த அமைதி நல்லதற்கா கெட்டதற்கா என்று நாம் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், அண்டை வீட்டுப் பெரியவர் ஒரு பழுப்புநிறத் துணிப்பையோடு நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார்.

நாம் வசிப்பது திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி. பெரியவர் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பையிலிருந்து முப்பது வருஷத்துக் காகிதங்களைத் திண்ணையில் பரப்பிவிட்டு அவர் கேட்டது இதுதான்:

"வாத்தியாரே, பன்னிரண்டு லட்சம் வரையில் வரி கிடையாது என்று ஆகிவிட்டதாமே! இனி இந்தக் குப்பையையெல்லாம் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடலாம் அல்லவா?"

"அவசரப்படாதீர்கள், ஐயா. முதலில் கணக்கைப் பார்ப்போம்" என்றோம்.

கணக்குப் பார்த்ததில், பெரியவருக்குச் சொல்ல வேண்டியதோடு நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டியதும் சில தெரியவந்தன. வாசகர்களில் பலரும் நம்மைப்போல மாதச் சம்பளத்தையோ பென்ஷனையோ நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள். ஆகவே அவற்றை இங்கே எழுதலாமென்று துணிகிறோம்.

* * *

நம் தேசத்தில் வருமான வரி 1860 ஆம் வருஷத்தில் பிறந்தது. 1857 ஆம் வருஷத்துக் கிளர்ச்சியை அடக்கியதில் காலியான கஜானாவை நிரப்புவதற்காக, ஜேம்ஸ் வில்ஸன் என்னும் ஆங்கிலேயர் அதைக் கொண்டுவந்தார். அப்போது சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் ஸர் சார்லஸ் டிரெவெல்யன். இந்த வரி இத்தேசத்து மக்களுக்குப் பொருந்தாது என்று அவர் வாதாடினார். வாதாடியதோடு நில்லாமல் தம் எதிர்ப்பைப் பத்திரிகைகளிலும் வெளிவரச் செய்தார். பலன் என்ன? 1860 இலேயே அவரை லண்டனுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வில்ஸனோ அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கல்கத்தாவில் காலமானார். டிரெவெல்யன் பிற்பாடு நிதிப் பொறுப்பை ஏற்று மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார். 1865 இல் வரியும் கைவிடப்பட்டது. ஆனால் வரி என்பது போனாலும் திரும்பி வரும் விருந்தாளி. 1886 ஆம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் அது நிரந்தரமாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த 1886 ஆம் வருஷத்துச் சட்டத்தில் நம் விஷயத்துக்கு முக்கியமான ஓர் அம்சம் உண்டு. ஒருவன் தன் ஆயுளின்பேரில் இன்ஷூரன்ஸ் செய்து பிரிமியம் கட்டினால், அந்தப் பணத்துக்கு வரம்புக்கு உட்பட்டு வரி விலக்கு உண்டு என்று அதில் கண்டிருந்தது. அதாவது, 'உனக்குப் பின் உன் குடும்பத்துக்கு ஏதாவது வைத்துவிட்டுப் போ. அப்படிச் செய்தால் உன்னிடம் கொஞ்சம் குறைவாக வாங்கிக்கொள்கிறேன்' என்று அந்நிய சர்க்கார்கூடச் சொல்லிற்று. சுதந்தரம் வந்த பிறகு இந்த ஏற்பாடு வளர்ந்தது. 1956 இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் தோன்றிற்று. 1968 இல் பொதுச் சேமநல நிதி, அதாவது நாம் பி.பி.எப். என்று சொல்வது, ஏற்பட்டது. வரி விகிதமோ ஏறிக்கொண்டே போய், 1973-74 இல் உச்ச வருமானத்தில் நூற்றுக்கு 97 ரூபாய் 75 பைசா வரையில் எட்டியது! பிறகு படிப்படியாக இறங்கி, 1997 இல் ப. சிதம்பரம் நிதி மந்திரியாக இருந்தபோது 10, 20, 30 என்ற மூன்று படிகளுக்கு வந்து நின்றது. விகிதம் ஏறினாலும் இறங்கினாலும் சேமிப்புக்குச் சலுகை என்னும் கொள்கை மட்டும் ஏதாவதொரு ரூபத்தில் மாறாமல் இருந்துவந்தது. 2014 முதல் வருஷத்துக்கு ஒன்றரை லட்ச ரூபாய் வரையில் சேமிப்புக்கு விலக்குக் கிடைத்தது. உபாத்தியாயர் அறையின் மார்ச் மாதச் சலசலப்புக்கு மூலகாரணம் அந்த ஒன்றரை லட்சந்தான்.

2020 ஆம் வருஷத்து பட்ஜெட்டில் இந்தக் கொள்கை ஒரு திருப்பம் திரும்பியது. 'குறைந்த விகிதத்தில் வரி கட்டு. ஆனால் சேமிப்பு, வாடகைப்படி, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டி முதலிய விலக்குகளைக் கேளாதே' என்று புதிய வழி ஒன்று பழைய வழிக்குப் பக்கத்தில் திறக்கப்பட்டது. முதலில் அதில் நடந்தவர்கள் கொஞ்சம். 2023 ஆம் வருஷத்தில் புதிய வழியையே இயல்பான வழியாக்கினார்கள். பழையது வேண்டுமென்றால் கேட்டுப் பெற வேண்டும். 2025 ஆம் வருஷத்து பட்ஜெட்டில் வந்ததுதான் பெரியவர் சொன்ன பன்னிரண்டு லட்சம்.

* * *

அந்தப் பன்னிரண்டு லட்சத்தின் சூக்ஷுமத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 2025-26 ஆம் நிதியாண்டுக்குப் புதிய வழியில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு நூற்றுக்கு 5. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு நூற்றுக்கு 10. இப்படி 4 லட்சத்துக்கு ஒரு படியாக ஏறி, 24 லட்சத்துக்கு மேல் நூற்றுக்கு 30 என்று முடிகிறது. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்கு உட்பட்டால், வரும் வரியை, 60,000 ரூபாய் வரையில், முழுவதும் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். சம்பளக்காரருக்கும் பென்ஷன்காரருக்கும் நிலைக்கழிவாக 75,000 ரூபாய் உண்டாகையால், அவர்களுக்கு எல்லை 12,75,000 ரூபாய். எல்லையைச் சற்றுத் தாண்டினால் முழு வரியும் தலையில் விழுமே என்று பயப்பட வேண்டாம். 12 லட்சத்துக்கு மேல் 10,000 ரூபாய் அதிகப்பட்டால், வரியும் அந்தப் பத்தாயிரத்தோடு நின்றுவிடும். அதன்மேல் நூற்றுக்கு 4 வீதம் செஸ் மட்டும் சேரும்.

நமக்குத் தெரிந்த நடுத்தர உபாத்தியாயர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வருஷச் சம்பளம் 11 லட்சம். பழைய வழியில் நிலைக்கழிவு 50,000. சேமிப்பு ஒன்றரை லட்சம். மருத்துவ இன்ஷூரன்ஸ் 25,000. மீதி 8,75,000. இதற்கு வரி 87,500; செஸ்ஸோடு சேர்த்து 91,000 ரூபாய். புதிய வழியில் அவர் ஒரு காசும் சேமிக்காவிட்டாலும் வரி பூஜ்யம். வீட்டு வாடகைப்படியும் வீட்டுக் கடன் வட்டியும் மிகப் பெரிதாக உள்ள சிலருக்கு மட்டுமே பழைய வழி இன்னும் லாபமாயிருக்கலாம். சம்பளக்காரர்கள் வருஷந்தோறும் கணக்குப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள உரிமை உண்டு. ஆனால் பழைய வழியைக் கேட்பவர்கள் கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தொழிலோ வியாபாரமோ செய்கிறவர்கள் பழைய வழியில் இருந்துவிட்டுப் புதிய வழிக்குத் திரும்பினால், அப்புறம் மனத்தை மாற்றிக்கொள்ள இடமில்லை.

ஆக, சாதாரண உபாத்தியாயர் ஒருவருக்கு வருஷத்தில் 91,000 ரூபாய் மிச்சம். இதைக் குறை சொல்வது நன்றிகெட்டதனமாகும். நாம் குறை சொல்லவில்லை.

புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன புத்திமதி தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். விளைந்த நெல்லை அறுத்துச் சோறாக்கி உருட்டிக் கொடுத்தால், சின்னஞ்சிறு நிலமும் ஒரு யானைக்குப் பல நாள் தாங்கும். யானையே வயலில் இறங்கினாலோ, அதன் வாயில் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே அதிகம். வரி வாங்கும் முறைக்கு இதைவிடச் சிறந்த உவமை கிடையாது. 2019 ஆம் வருஷம் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் பார்லிமெண்டில் தமது முதல் பட்ஜெட்டைப் படித்தபோது இந்தப் பாட்டைத்தான் எடுத்துக் காட்டினார். பன்னிரண்டு லட்சத்துக்கு உட்பட்ட சம்பளக்காரரின் வயலைப் பொறுத்தவரையில் யானை வெளியே போய்விட்டது என்றே சொல்லலாம்.

ஆனால் அந்த யானை உள்ளே இருந்தபோது ஒரு காரியம் செய்துகொண்டிருந்தது. அதற்குப் பயந்தாவது நாம் வயலைச் சுற்றி வேலி போட்டோம். யானை போனதும் வேலியைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டோம்.

இது பிறரைப் பற்றிய பேச்சு அல்ல. புதிய வழிக்கு மாறிய முதல் வருஷத்தில் நம் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். மார்ச் மாதம் வந்தது. பி.பி.எப். கணக்கில் வழக்கமாகப் போடும் தொகையைப் போடவில்லை. 'இப்போதுதான் வரிக்கு வேண்டாமே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிட்டோம். அடுத்த மாதம் அதற்கடுத்த மாதமாயிற்று. வரியில் மிஞ்சிய பணமாவது எங்கே என்று தேடினால் அதையும் காணோம். புதுக் கைப்பேசி ஒன்று, இருசக்கர வண்டியின் தவணை, கைப்பேசியைத் தட்டியவுடன் வாசலுக்கு வந்து நிற்கும் சாமான்கள் என்று சிறுகச் சிறுகப் போய்விட்டது. பெண்ணைக் கல்லூரியில் சேர்ப்பதற்கென்று வைத்திருந்த கணக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான் அந்த ஒரு வருஷம் பல் விழுந்த இடம்போல் காலியாக இருந்தது தெரிந்தது.

நம் இல்லத்தரசி பாஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "வரிக்காரன் பயமுறுத்தினால்தான் நீங்கள் பெண்ணுக்குச் சேர்ப்பீர்களா?"

நாற்பது பையன்களுக்கு முன்னால் நின்று வட்டிக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நமக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை.

தேசமெங்கும் பல குடும்பங்களில் சேமிப்பு மெலிந்திருக்கிறது. 2020-21 இல் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 11 க்கு மேல் இருந்தது. 2022-23 இல் 5 என்ற அளவுக்கு இறங்கிற்று. இதற்கெல்லாம் வரிச் சட்டமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. கொள்ளை நோய்க் காலத்தில் செலவழிக்க வழியின்றி மிஞ்சிய பணம் பின்னால் செலவாயிற்று, கடனும் பெருகிற்று, வீடு, மனை என்றும் பணம் போயிற்று. ஆயினும், கடன் கொடுப்பவன் நம் கைப்பேசிக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும் காலத்தில், சேமிக்கச் சொல்லி முதுகில் தட்டிக்கொண்டிருந்த சட்டமும் கையை எடுத்துவிட்டது என்பது உண்மை.

சர்க்கார் வேறொரு பக்கத்தில் உதவியும் செய்திருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் இன்ஷூரன்ஸுக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸுக்கும் இருந்த நூற்றுக்கு 18 வீதம் சரக்கு சேவை வரி நீக்கப்பட்டது. மாணவர்களின் நோட்டுப் புத்தகத்துக்கும் பென்சிலுக்குங்கூட வரி போயிற்று. விலக்குக் கிடைக்காது என்பதற்காக இன்ஷூரன்ஸை நிறுத்திவிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரிவு எண் மாறிவிட்டது என்று வியாதி வராமல் இருக்காது.

* * *

இனிப் பெரியவரின் துணிப்பைக்கு வருவோம். 'நான் யார்?' என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார் ரமண மகரிஷி. வேடிக்கை என்னவென்றால், வருமான வரிச் சட்டமும் ஒவ்வொருவரையும் அதையேதான் கேட்கிறது! நீ சம்பளக்காரனா, வியாபாரியா? வயது அறுபதுக்கு மேலா கீழா? இந்த வருஷம் இந்தியாவில் 182 நாள் இருந்தாயா? மனை விற்றாயா? பதிலுக்கேற்றபடி வரியும் மாறும். எல்லாருக்கும் ஒரே பதில் என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

பெரியவருக்கு வருஷத்தில் பென்ஷன் 5,40,000. பாங்கி வட்டி 1,20,000. நிலைக்கழிவு போக வரிக்குரிய வருமானம் 5,85,000. தள்ளுபடியினால் வரி இல்லை. ஆனால் 2025-26 இல் மூத்த குடிமக்களின் வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் பாங்கியே நூற்றுக்கு 10 வீதம் பிடித்துக்கொள்ளும் விதி இருந்தது. அதன்படி 12,000 ரூபாய் பிடித்துவிட்டார்கள். வரி இல்லை என்ற உறுதிமொழிப் படிவத்தை ஆரம்பத்திலேயே கொடுத்திருந்தால் பிடித்திருக்கமாட்டார்கள். 'வரிதான் இல்லையே' என்று அவர் கணக்குத் தாக்கல் செய்யாமல் இருந்தால், அந்தப் பன்னிரண்டாயிரம் திரும்பி வராது. தவிர, வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினவர்கள், வரி பூஜ்யமானாலும் கணக்குத் தாக்கல் செய்தே ஆகவேண்டும். சம்பளமும் பென்ஷனும் மட்டும் உள்ளவர்களுக்கு வழக்கமான கெடு ஜூலை 31.

பையில் இன்னொரு காகிதம் இருந்தது. அது பெரியவருடைய மைத்துனரின் கிரயப் பத்திரம். 2005-06 இல் 5 லட்சத்துக்கு வாங்கிய மனையை அவர் 2025-26 இல் 20 லட்சத்துக்கு விற்றிருக்கிறார். இங்கே 2024 ஆம் வருஷத்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுவரையில் மனை விற்றவர்கள், விலைவாசி ஏற்றத்துக்குத் தக்கபடி வாங்கின விலையை உயர்த்திக் கணக்கிட்டு, மீதி லாபத்துக்கு நூற்றுக்கு 20 கட்டினார்கள். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் விகிதத்தை 12.5 ஆகக் குறைத்து, விலைவாசிக் கழிவை எடுத்துவிட்டார்கள். தேசமெங்கும் ஆட்சேபம் கிளம்பிற்று. ஆகஸ்டு மாதத்திலேயே பார்லிமெண்டில் திருத்தம் வந்தது: அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலத்துக்கும் வீட்டுக்கும், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களும் கூட்டுக் குடும்பங்களும் இரண்டு வழியில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். 1860 இல் ஆட்சேபித்த கவர்னரையே திருப்பி அழைத்தார்கள். 2024 இல் ஆட்சேபித்த ஜனங்களுக்காகச் சட்டத்தையே திருத்தினார்கள். சுயராஜ்யம் என்பதற்கு இது ஒரு சிறு அடையாளம்.

மைத்துனரின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். புதிய வழியில் லாபம் 15 லட்சம், வரி 1,87,500. பழைய வழியில், விலைவாசிக் குறியீடு 117 இலிருந்து 376 ஆக ஏறியிருப்பதால், வாங்கின விலை 16,06,838 ஆகிறது. லாபம் 3,93,162; வரி 78,632. செஸ் நீங்கலாக 1,08,868 ரூபாய் வித்தியாசம்! அதே மனை 40 லட்சத்துக்கு விற்றிருந்தால், புதிய வழியில் 4,37,500, பழைய வழியில் 4,78,632 என்று புதியதே லாபமாயிருக்கும். மெதுவாக விலையேறிய மனைக்குப் பழைய கணக்கு. வேகமாக ஏறியதற்குப் புதிய கணக்கு. எதற்கும் வாங்கின தேதியும் விலையும் கண்ட பத்திரம் கையில் இருக்க வேண்டும்.

மற்றொரு கண்ணியும் இதில் உண்டு. பன்னிரண்டு லட்சத்துத் தள்ளுபடி மனை விற்ற லாபத்துக்குச் செல்லாது. அந்த லாபம் சேர்ந்து மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டிவிட்டால், அந்த வருஷத்துக்குப் பென்ஷனின்மேல் கிடைக்க வேண்டிய தள்ளுபடியும் போய்விடும். பன்னிரண்டு லட்சம் என்ற மந்திரத்தை நம்பி மனையை விற்றுவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் பிறகு நோட்டீஸைக் கண்டு திகைக்கக் கூடாது.

1961 ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2025 இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. 2026 ஏப்ரல் 1 அதன் ஆரம்ப நாள். 819 பிரிவுகளை 536 ஆகச் சுருக்கி, 'முன்னாண்டு', 'மதிப்பீட்டாண்டு' என்று வருஷக்கணக்காகக் குழப்பிக்கொண்டிருந்த இரண்டையும் நீக்கி, 'வரியாண்டு' என்று ஒன்றாக்கினார்கள். நல்ல காரியந்தான். சட்டம் சுருங்கிற்று, ஆனால் நாம் போட வேண்டிய கணக்குச் சுருங்கவில்லை.

முன்பு சேமிக்க வேண்டியது எவ்வளவு, எதில், எந்தத் தேதிக்குள் என்பதையெல்லாம் சட்டம் சொல்லிற்று. நாம் பிள்ளைகள்போல் கேட்டு நடந்தோம். இப்போது பணத்தை நம் கையிலேயே கொடுத்து, 'நீயே பார்த்துக்கொள்' என்கிறது. பெரிய மனிதனாக நடத்தப்படுவது கௌரவந்தான். அந்தக் கௌரவத்துக்குத் தக்கபடி குடும்பத்தின் வேலியை நாமே கட்டிக்கொள்ள வேண்டும்.

நாம் கட்டிய வேலி மிகவும் சாதாரணமானது. 91,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 7,600 வருகிறது. சம்பளம் வந்த மறுநாளே அந்தத் தொகை தானாகப் பெண்ணின் கல்லூரிக் கணக்குக்குப் போய்விடும்படி பாங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டோம். மிஞ்சியதைச் சேமிப்பது என்ற பழக்கத்தில் ஒன்றும் மிஞ்சாது என்பதை அனுபவத்தில் கண்டோம். விழுந்துபோன அந்த ஒரு வருஷத்தை ஈடுகட்ட இன்னும் சில காலமாகும். இருக்கட்டும்.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். கிரயப் பத்திரத்தைத் தனியே ஓர் உறையில் போட்டார். பையின் வாயைக் கயிற்றால் கட்டிக்கொண்டே, "பேத்திக்கு மாதம் இரண்டாயிரம் போட்டுவந்தால் போதுமா, வாத்தியாரே?" என்று கேட்டார்.

"இரண்டாயிரத்தில் ஆரம்பியுங்கள், ஐயா. நாளைக் காலையில் பாங்கிக்குச் சேர்ந்தே போவோம்" என்றோம்.